இணைப்புத் தருபவரே எட்டிப் பார்த்தால்...



இம்மாத உரையை ஒரு சின்னக் கணக்கோடு தொடங்கலாம். 2013ஆம் ஆண்டு மே மாதத்தில், டெல்ஸ்ரா கம்பனியின் 15,775 வாடிக்கையாளர்களின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும், சிலரது வீட்டு முகவரிகளும், கூகிளில் தேடினால் எவருக்கும் கிடைக்கும் நிலையில் இருந்தமை தெரியவந்தது. அவர்களில் 1,257 பேர் தங்கள் இலக்கம் தொலைபேசிப் புத்தகத்தில் வரவே கூடாது என்று கேட்டு வைத்திருந்தவர்கள். விசாரணைகள் நடந்தன. 2014 மார்ச்சில் அந்தக் கம்பனி கட்டிய தண்டப்பணம் 10,200 டொலர். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 65 சதம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள்; இங்கே அந்தப் பொரியும் ஒன்றிரண்டுதான்.

அது கவனக்குறைவால் வெளியே போன தகவல். இன்று நாம் பேசப்போவது அதைவிட ஒரு படி மேலான விடயம். இணைய இணைப்பைத் தருகின்ற கம்பனியே, தன் வாடிக்கையாளர் எங்கெல்லாம் போகிறார், எதையெல்லாம் பார்க்கிறார் என்று கவனித்து, அந்த அறிவை விளம்பரத்துக்கோ வேறு வியாபாரத்துக்கோ பாவித்தால் என்ன நடக்கும்? அதைத் தடுக்கச் சட்டம் இருந்ததா? இருந்தது என்றால் ஏன் அது கடிக்கவில்லை? கடந்த இருபது ஆண்டுகளின் வரலாறு இதற்கு நல்ல பதில் தருகிறது. கவனிப்பவரும் காவல் செய்பவரும் வேறு வேறு நாடுகளில் இருந்தாலும், கதை ஏறக்குறைய ஒன்றாகவே நடந்திருக்கிறது.

வாசலில் இருப்பவர்

நாம் ஒரு கடைக்குப் போனால் அந்தக் கடைக்காரருக்கு நம்மைத் தெரியும். அடுத்த கடைக்காரருக்கு அடுத்த கடையில் நாம் செய்தது மட்டும் தெரியும். ஆனால் நம் வீட்டு வாசலிலேயே ஒருவர் குந்தியிருந்தால், நாம் எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். இணைய இணைப்பு வழங்கும் கம்பனி இருப்பது அந்த வாசலில். ஒரு தளத்தின் பெயரை நாம் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய இலக்கத்தைத் தேடிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கம்பனியின் கணனிதான். மேலும், கம்பனியிடம் நம்முடைய பெயரும் முகவரியும் வங்கிக் கணக்கும் ஏற்கனவே இருக்கின்றன.

2000களில் பெரும்பாலான தளங்கள் மறைகுறி எதுவும் இல்லாமலே இயங்கின. நாம் வாசித்த பக்கம் முழுவதையும் வழியில் இருந்தவர் வாசிக்கலாம். இன்று பெரும்பாலான தளங்கள் மறைகுறியோடு வருவதால் பக்கத்தின் உள்ளே இருப்பது கம்பனிக்குத் தெரியாது. ஆனாலும் எந்தத் தளத்துக்கு, எந்நேரம் போனோம் என்பது பெரும்பாலும் தெரியும். விசா சம்பந்தமான சட்டத்தரணி ஒருவரின் தளம், மனநல மருத்துவமனை ஒன்றின் தளம், கடன் தீர்க்க ஆலோசனை தரும் தளம், வவுனியாவுக்குக் காசு அனுப்பும் தளம் என்று நான்கு பெயர்களை வரிசையாக வைத்தால், உள்ளே என்ன வாசித்தோம் என்று கேட்கவேண்டிய தேவையே இல்லை.

பட்டியல்களைப் பற்றி எங்களுக்கு எவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் தமிழ் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல் இருந்ததை, தப்பி வந்தவர்கள் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வாக்குப் போடுவதற்கென்று எழுதிய பட்டியல், வீடு கொளுத்துவதற்குப் பயன்பட்டது. விளம்பரக் கம்பனிகளை அந்தக் கும்பலோடு நான் ஒப்பிடவில்லை. ஆனால் அந்த நாளில் நாம் கற்ற பாடமும், தனியுரிமைச் சட்டங்களின் அடிப்படை விதியும் ஒன்றுதான்: எந்தத் தேவைக்காக ஒருவரின் விபரத்தைச் சேர்த்தார்களோ, அந்தத் தேவைக்கு வெளியே, அவருடைய சம்மதம் இல்லாமல் பாவிக்கக் கூடாது. இணைப்புத் தருவதற்காக நம் போக்குவரத்தைக் கையாளுகிறவர், அதை விளம்பரத்துக்காகத் திறந்து பார்ப்பது இந்த விதியைத்தான் உடைக்கிறது.

பிரித்தானியாவில் நடந்தது

இந்தக் கதையின் மிகத் தெளிவான அத்தியாயம் பிரித்தானியாவில் நடந்தது. 2006ஆம், 2007ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் டெலிகொம் கம்பனி, போர்ம் என்ற விளம்பரத் தொழில்நுட்பக் கம்பனியோடு சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தது. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் பார்த்த பக்கங்களை வழியிலேயே ஒரு கருவி வாசித்து, அவர்களின் விருப்பங்களைக் கணித்து, அதற்கேற்ப விளம்பரம் காட்டுவதுதான் திட்டம். வாடிக்கையாளர்களிடம் எவரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. தங்கள் கணனி ஏதோ தெரியாத இடத்தோடு பேசுவதைக் கவனித்துக் கேட்ட வாடிக்கையாளருக்கு, தங்களுக்கு அதில் தொடர்பில்லை என்றே கம்பனி பதில் சொன்னது.

2008ஆம் ஆண்டு விடயம் வெளியே வந்தது. அந்நேரம் பிரிட்டிஷ் டெலிகொம், வேர்ஜின் மீடியா, டோக்டோக் ஆகிய மூன்று பெரிய கம்பனிகளும் போர்மோடு கைகோர்க்கப் போவதாக அறிவித்திருந்தன. இணையவலையைக் கண்டுபிடித்த டிம் பேர்ணர்ஸ் லீ, தன்னுடைய இணைப்புக் கம்பனி இப்படிச் செய்தால் வேறு கம்பனிக்கு மாறிவிடுவேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். தகவல் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த நிபுணர்கள், 2000ஆம் ஆண்டின் ஒட்டுக்கேட்டல் சட்டத்தின்படி இது குற்றம் என்று எழுத்தில் விளக்கினார்கள்.

அதிகாரிகள் என்ன செய்தார்கள்? தகவல் ஆணையாளர் அலுவலகம் நடவடிக்கை எடுக்கவில்லை. இலண்டன் நகரப் பொலிஸார் 2008 செப்டெம்பரில் விசாரணையைக் கைவிட்டார்கள். குற்ற நோக்கம் இருக்கவில்லை, வாடிக்கையாளர்கள் மறைமுகமாகச் சம்மதித்ததாகக் கொள்ளலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். கேட்கப்படாத ஒருவர் எப்படிச் சம்மதித்தார் என்பது இன்றுவரை புரியாத விடயம். அரச வழக்குத் தொடுநர் அலுவலகமும் 2011 ஏப்ரலில், வழக்குப் போடுவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று முடித்துவைத்தது. ஒருவர்கூட நீதிமன்றம் போகவில்லை, ஒரு பவுண்கூடத் தண்டம் கட்டவில்லை.

ஆனால் வெளியிலிருந்து ஒரு கை வந்தது. வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகள் பிரசல்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன. ஐரோப்பிய ஆணைக்குழு 2009 ஏப்ரலில் பிரித்தானிய அரசாங்கத்துக்கு எதிராகவே நடவடிக்கை தொடங்கியது. ஒட்டுக்கேட்கும் தனியார் கம்பனிகளை மேற்பார்வை செய்யச் சுயாதீனமான அதிகாரம் எதுவும் உங்கள் நாட்டில் இல்லை, "சம்மதம் இருக்கும் என்று நம்பினோம்" என்று சொன்னாலே தப்பிக்க உங்கள் சட்டம் இடம்கொடுக்கிறது என்பவை அதன் குற்றச்சாட்டுகள். 2010 செப்டெம்பரில் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2011இல் பிரித்தானியா சட்டத்தைத் திருத்தியது. 2012 ஜனவரியில் வழக்கு மூடப்பட்டது. இதற்கிடையே பிரிட்டிஷ் டெலிகொம் 2009 ஜூலையிலேயே திட்டத்தைக் கைவிட்டிருந்தது. போர்ம் கம்பனி வேறு நாடுகளில் வாய்ப்புத் தேடி அலைந்து 2016இல் தொழிலை நிறுத்தியது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்தை நிறுத்தியது உள்நாட்டு அதிகாரி எவருமல்லர். வாடிக்கையாளர்களின் கூச்சல்தான் நிறுத்தியது. சட்டத்தைத் திருத்த வைத்ததும் அவர்கள் எழுதிய முறைப்பாடுகள்தான்.

அமெரிக்காவின் ஏற்றமும் இறக்கமும்

அமெரிக்காவிலும் அதே ஆண்டுகளில் நெபுஆட் என்ற கம்பனி இதே வேலையைச் செய்யப் புறப்பட்டது. சார்ட்டர் என்ற பெரிய இணைப்புக் கம்பனி 2008இல் அதோடு சேர முயன்று, எதிர்ப்பு வந்ததும் சில வாரங்களில் பின்வாங்கியது. காங்கிரஸ் சபை விசாரணை நடத்தியது. நெபுஆட் 2009இல் மூடிக்கொண்டது.

ஆனால் ஆசை மூடவில்லை. வெரைசன் கைத்தொலைபேசிக் கம்பனி 2012இன் இறுதியிலிருந்து, வாடிக்கையாளர் தளங்களுக்கு அனுப்பும் கோரிக்கைகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அடையாள இலக்கத்தை ஒட்டி அனுப்பியது. குக்கிகளை அழித்தாலும் அந்த இலக்கம் அழியாது. ஏனென்றால் அதை ஒட்டியது நம் கருவியல்ல, வழியில் நின்ற கம்பனி. 2014இல் கணனி ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 2016 மார்ச்சில் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு விதித்த தண்டம் 13 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களைக் கொண்ட கம்பனிக்கு அது என்ன பெரிய தொகை?

அதே ஆணைக்குழு 2016 ஒக்டோபரில், வாடிக்கையாளரிடம் கேட்காமல் அவருடைய இணையப் போக்குவரத்தை விளம்பரத்துக்குப் பாவிக்கக் கூடாது என்று இறுக்கமான விதிகளைக் கொண்டுவந்தது. ஆட்சி மாறியது. அந்த விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வருமுன்னரே காங்கிரஸ் அவற்றை இரத்துச் செய்ய, 2017 ஏப்ரல் 3ஆம் திகதி ஜனாதிபதி டிரம்ப் கையொப்பமிட்டார். அரசியல் காற்றுக்கு ஏற்பக் காவலர் வருவதும் போவதும் அங்கே கண்கூடு.

நம் நாட்டுச் சட்டங்கள்

இனி அவுஸ்திரேலியாவுக்கு வருவோம். இங்கே சட்டமே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1979ஆம் ஆண்டிலிருந்தே தொலைத்தொடர்பை இடைமறித்தலுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. எல்லாருக்கும் ஓர் அடையாள அட்டை என்ற "அவுஸ்திரேலியா காட்" திட்டத்தை மக்கள் எதிர்த்து 1987இல் அது கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு, 1988இல், தனியுரிமைச் சட்டம் வந்தது. முதலில் அது அரச திணைக்களங்களுக்கு மாத்திரமே பொருந்தியது. தனியார் கம்பனிகளை அது தொட்டது 2001 டிசெம்பரிலிருந்துதான். இடையில் 1997ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், வாடிக்கையாளரின் தொடர்பாடல் பற்றிய விபரத்தைக் கம்பனி வெளியே கொடுப்பதைக் குற்றமாக்கியது.

ஆனால் அதே 1997ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றையும் செய்தது. நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை எழுதும் வேலையைப் பெருமளவு அந்தத் துறையிடமே விட்டது. கம்பனிகளின் அமைப்பு ஒரு நடத்தைக் கோவையை எழுதும். 2005இல் உருவான அவுஸ்திரேலியத் தொடர்பாடல் ஊடக அதிகாரசபை அதைப் பதிவுசெய்யும். அந்நாட்களில் ஒரு கம்பனி அந்தக் கோவையை மீறினால் உடனே தண்டம் கிடையாது. முதலில் எச்சரிக்கை, அல்லது "இனிமேல் கோவைப்படி நட" என்ற ஒரு கட்டளை. அந்தக் கட்டளையையும் மீறினால்தான் தண்டப்பணம் என்ற பேச்சு. அதாவது முதல் அடி இலவசம்.

தொடக்கத்தில் சொன்ன 10,200 டொலர் கணக்கு இப்படித்தான் வந்தது. 2011 டிசெம்பரில் டெல்ஸ்ராவின் 734,000 வாடிக்கையாளர்களின் விபரங்கள் இணையத்தில் திறந்து கிடந்தன. 2012 ஜூனில், அது கோவை மீறல் என்றும் தனியுரிமைச் சட்ட மீறல் என்றும் இரண்டு அதிகாரங்களும் முடிவு சொன்னபோதும், அதற்குப் பணத் தண்டம் இல்லை. பிறகு ஒரு கட்டளை வந்தது. 2013இல் மறுபடியும் 15,775 பேரின் விபரங்கள் வெளியே வந்தபோது, அந்தக் கட்டளையை மீறியதற்காகவே 10,200 டொலர் விதிக்கப்பட்டது. ஏழு இலட்சம் பேருக்கு எச்சரிக்கை, பதினைந்தாயிரம் பேருக்குப் பத்தாயிரம் டொலர்.

2012 ஜூன்: சிக்காகோவிலிருந்து ஒரு நிழல்

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவே, நம் தலைப்புக்கு மிக நெருங்கிய சம்பவம் நடந்தது. 2012 ஜூனில், டெல்ஸ்ராவின் நெக்ஸ்ட் ஜீ கைத்தொலைபேசி இணைப்பைப் பாவித்த சிலர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். இவர்கள் சொந்தமாகத் தளம் வைத்திருந்த, கணனி அறிவு உள்ளவர்கள். தங்கள் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு பக்கத்துக்குப் போனால், சற்று நேரத்தில் அமெரிக்காவின் சிக்காகோவிலுள்ள ஒரு கணனியும் அதே பக்கத்தைத் தேடி வந்தது. வேறு எவருக்கும் தெரியாத பக்கமாக இருந்தாலும் வந்தது. அந்த முகவரியைக் கொடுத்தவர் யார்?

கேள்வி பெரிதானதும் டெல்ஸ்ரா விளக்கம் சொன்னது. பிள்ளைகளுக்கு ஒவ்வாத தளங்களைத் தடுக்கும் ஒரு புதிய சேவையைத் தயாரிப்பதற்காக, வாடிக்கையாளர்கள் போகும் தள முகவரிகளை நெட்ஸ்வீப்பர் என்ற கனடிய வடிகட்டிக் கம்பனிக்கு அனுப்பி வகைப்படுத்தியதாம். வாடிக்கையாளரின் பெயரை இணைக்கவில்லை என்றும் சொன்னது. சில நாட்களில் அதை நிறுத்திவிட்டு மன்னிப்பும் கேட்டது.

இது விளம்பரத்துக்காக நடந்ததல்ல என்பதைச் சொல்லவேண்டும். ஆனால் பொறிமுறை ஒன்றுதான். வாசலில் இருப்பவர், கேட்காமல், நாம் போகும் இடங்களை மூன்றாம் ஆளுக்கு, அதுவும் வேறு நாட்டுக்கு, அனுப்பினார். கண்டுபிடித்தவர்களும் பிரித்தானியாவில் போலவே வாடிக்கையாளர்கள்தான். பதிவேடுகளை உட்கார்ந்து பார்த்த ஒரு சிலர் இல்லாவிட்டால், அதிகாரசபைக்கு அது எப்போது தெரிந்திருக்குமோ?

"உங்களைப் பற்றியதல்ல, காரைப் பற்றியது"

கம்பனி நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று நாமே கேட்டால் என்ன? பென் குரப் என்ற பத்திரிகையாளர் 2013 ஜூனில் அதைத்தான் செய்தார். என்னுடைய கைத்தொலைபேசி பற்றி நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் தொடர்புத் தரவுகளை எனக்குக் காட்டுங்கள் என்று டெல்ஸ்ராவிடம் கேட்டார். முழுவதையும் கொடுக்கக் கம்பனி மறுத்தது. அவர் முறைப்பாடு செய்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2015 மே 1ஆம் திகதி, தனியுரிமை ஆணையாளர் திமத்தி பில்கிரிம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

கம்பனி மேன்முறையீடு செய்தது. நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை 2015 டிசெம்பரில் ஆணையாளரின் தீர்ப்பைத் தள்ளியது. அந்தத் தரவுகள் கம்பனி வழங்கிய சேவையைப் பற்றியவையே தவிர, குரப் என்ற மனிதரைப் பற்றியவை அல்ல என்றது நியாயசபை. கார் ஒன்றைத் திருத்தியது பற்றிய பதிவு காரைப் பற்றியதே தவிர, சொந்தக்காரரைப் பற்றியதல்ல என்பது அது சொன்ன உதாரணம். 2017 ஜனவரியில் சமஷ்டி நீதிமன்றத்தின் முழு அமர்வும் ஆணையாளரின் மேன்முறையீட்டை நிராகரித்தது. "ஒருவரைப் பற்றிய" என்ற ஒரு சொல்லில் வழக்கு முடிந்தது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். 2015 மார்ச்சில் பாராளுமன்றம் நிறைவேற்றிய தரவுச் சேமிப்புச் சட்டத்தின்படி, யார் யாரோடு எப்போது பேசினார் போன்ற விபரங்களைக் கம்பனிகள் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். 2015 ஒக்டோபர் 13 முதல் அது நடைமுறைக்கு வந்தது. (எந்தத் தளங்களைப் பார்த்தோம் என்பதை வைத்திருக்கும்படி அந்தச் சட்டம் கேட்கவில்லை; அதை வெளிப்படையாகவே விலக்கியது.) அந்தச் சட்டம், தான் சேமிக்கச் சொன்ன தரவுகளைத் தனியுரிமைச் சட்டத்தின்கீழ் தனிநபர் தகவலாகக் கொள்ளவேண்டும் என்று சொன்னது ஓர் ஆறுதல். ஆனால் அதற்கு வெளியே, கம்பனிகள் தம் சொந்தத் தேவைக்காகச் சேர்க்கும் தொழில்நுட்பத் தரவுகள் நம்மைப் பற்றியவையா, இல்லையா என்ற மங்கல் அப்படியே நின்றது. விளம்பரத் தொழில் வாழ்வது அந்த மங்கலிலேதான்.

காவலருக்கே வீடில்லாத காலம்

சட்டம் கடிக்காததற்கு இன்னொரு காரணம், காவலரின் நிலை. 2014 மார்ச்சில் தனியுரிமைச் சட்டம் பலப்படுத்தப்பட்டு, பாரதூரமான மீறல்களுக்கு நீதிமன்றத்தில் 17 இலட்சம் டொலர் வரை தண்டம் கேட்கும் அதிகாரம் ஆணையாளருக்குக் கிடைத்தது. இரண்டே மாதங்களில், 2014 மே வரவுசெலவுத் திட்டத்தில், தகவல் ஆணையாளர் அலுவலகத்தையே மூடிவிடப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. செனற் சபையில் அந்தச் சட்டமூலம் தேங்கி நின்றது. அலுவலகம் மூடவும் இல்லை, ஒழுங்காக இயங்கவும் இல்லை. கன்பராக் கிளை பூட்டப்பட்டதால் தகவல் ஆணையாளர் ஜோன் மக்மிலன் தன் வீட்டிலிருந்தே வேலை செய்ததாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. 2016இல்தான் மூடும் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த அலுவலகத்தின் வாசலில் அதே காலத்தில் நின்றவர்களில் எங்கள் மாதிரியானவர்களும் இருந்தார்கள். 2014 பெப்ரவரியில் குடிவரவுத் திணைக்களம் தன் இணையத்தளத்தில் ஏற்றிய ஓர் ஆவணத்தோடு, தடுப்பில் இருந்த சுமார் 9,250 பேரின் பெயர், பிறந்த திகதி, நாடு முதலிய விபரங்களும் வெளியே போய்விட்டன. விட்டு ஓடிவந்த அரசாங்கத்துக்குத் தங்கள் பெயர் தெரிந்துவிட்டதோ என்ற பயம் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நேயர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இழப்பீடு கொடுக்கவேண்டும் என்ற தீர்ப்பு வந்தது 2021 ஜனவரியில். ஏழு ஆண்டுகள். அதுவும் பாதிப்பை எழுதி அனுப்பிய 1,297 பேருக்கு மாத்திரமே, அவரவர் பாதிப்பின் அளவுப்படி. மற்றவர்கள் எழுதவில்லை, அல்லது எழுதலாம் என்று அறிந்திருக்கவில்லை.

கடித்தவர் யார்?

இத்தனை ஆண்டுகளில் கடித்த காவலர் எவருமே இல்லையா என்று கேட்டால், இருந்தார். ஆனால் அவர் வேறு வாசலிலிருந்து வந்தார். போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு, தனியுரிமைச் சட்டத்தைத் தொடாமல், "வாடிக்கையாளரை ஏமாற்றாதே" என்ற நுகர்வோர் சட்டத்தைக் கையில் எடுத்தது. இருப்பிடத் தரவைச் சேர்ப்பதுபற்றி அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிப் பாவனையாளர்களைத் தவறாக எண்ணவைத்த கூகிளுக்கு, 2022 ஓகஸ்டில் சமஷ்டி நீதிமன்றம் 6 கோடி டொலர் தண்டம் விதித்தது.

அடுத்தது இன்னும் பொருத்தமானது. பேஸ்புக் குழுமத்தின் ஒனாவோ புரொட்டெக்ட் என்ற செயலி, உங்கள் இணையப் போக்குவரத்தைப் பத்திரமாக மறைத்துத் தருகிறேன் என்று விளம்பரம் செய்தது. உண்மையில் அந்தப் போக்குவரத்தைப் பார்த்துத் தன் குழுமத்தின் வியாபாரத்துக்குப் பாவித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. 2023 ஜூலையில் நீதிமன்றம் விதித்தது 2 கோடி டொலர். 10,200 டொலரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாடு ஒன்று, குற்றத்தின் சாயலும் ஒன்று. நேரே நீதிமன்றம் போகும் அதிகாரமும், வழக்கு நடத்தப் பணமும் ஆட்பலமும் உள்ள அமைப்பு ஒன்று இறங்கியதே வித்தியாசம்.

தனியுரிமைச் சட்டத்துக்கும் மெல்ல மெல்லப் பல் முளைக்கிறது. 2022 செப்டெம்பரில் ஒப்டஸ் கம்பனியின் சுமார் 95 இலட்சம் பேரின் விபரங்கள் திருடுபோன பிறகு, அந்த டிசெம்பரிலேயே தண்டத்தின் உச்சவரம்பு 5 கோடி டொலருக்கும் மேலாக உயர்த்தப்பட்டது. 2024 டிசெம்பரில் சட்டமாகிய திருத்தத்தால், தனியுரிமையைப் பாரதூரமாக மீறியவர்மீது நாமே நேரடியாக வழக்குப் போடும் உரிமை 2025 ஜூன் 10 முதல் கிடைத்தது. தனியுரிமைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் விதித்த முதலாவது தண்டம் 2025 ஒக்டோபரில் வந்தது: நோயாளர் தரவுகளை இழந்த அவுஸ்திரேலியன் கிளினிக்கல் லப்ஸ் கம்பனிக்கு 58 இலட்சம் டொலர். அதிகாரம் கிடைத்தது 2014இல்; முதல் தண்டம் 2025இல். ஒரு பிள்ளை ஆரம்பப் பள்ளியில் சேர்ந்து பத்தாம் வகுப்பை முடிக்கும் காலம் அது.

தொலைத்தொடர்புக் கோவையை மீறுவோருக்கு முதல் அடியிலேயே தண்டம் விதிக்கவும், 250,000 டொலராக இருந்த உச்சவரம்பைச் சுமார் ஒரு கோடி டொலராக்கவும் 2025இல் ஒரு சட்டமூலம் முன்வைக்கப்பட்டது. ஆனால் இலக்கு வைத்து விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இடம்பெறவில்லை. "ஒருவரைப் பற்றிய" என்ற அந்தச் சொல்லை மாற்றவேண்டும் என்று 2023 பெப்ரவரியில் வெளிவந்த மீளாய்வு அறிக்கை பரிந்துரைத்தது. அதுவும் அந்தத் திருத்தத்தில் இல்லை.

நம்முடைய பங்கு

இந்த வரலாற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விடயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. பிரிட்டிஷ் டெலிகொம் விடயத்திலும் சரி, நெக்ஸ்ட் ஜீ விடயத்திலும் சரி, முதலிற் கண்டவர் வாடிக்கையாளர். முதலிற் கேட்டவரும் அவரே. அதிகாரி வந்தது பிறகு. சில இடங்களில் வரவே இல்லை. முறைப்பாடு என்ற ஒரு தாள் இல்லாமல் இந்த இயந்திரம் அசைந்ததில்லை.

எங்கள் சமூகத்தில் முறைப்பாடு என்றால் ஒரு தயக்கம் உண்டு. அதிகாரியிடம் பெயர் கொடுத்தால் என்ன வருமோ என்று பழகி வந்தவர்கள் நாங்கள். விசா நிரந்தரமாகாத வீடுகளில் அந்தத் தயக்கம் இன்னும் கனமானது. ஆனால் தொலைபேசிக் கம்பனிமீது முறைப்பாடு செய்வது குடிவரவு விடயமல்ல. அதற்குக் குடியுரிமை தேவையில்லை, கட்டணமும் இல்லை.

வழி இதுதான். முதலில் கம்பனிக்கு எழுத்தில் கேளுங்கள்: என்னைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள், அதை விளம்பரத்துக்குப் பாவிக்கிறீர்களா, யாருக்குக் கொடுக்கிறீர்கள்? விளம்பரம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. எழுதிய திகதியைக் குறித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாட்களில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், தொலைத்தொடர்புத் துறை ஒம்புட்ஸ்மனை 1800 062 058 என்ற இலக்கத்தில் அழையுங்கள். தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்கும் முறையிடலாம். ஆங்கிலம் தடையென்றால் 131 450 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, "தமிழ்" என்று மட்டும் சொல்லுங்கள். பேசுவதற்கு ஆள் வருவார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகள் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து ஒருமுறை செய்து காட்டுங்கள்.

புதிய இணைப்பு எடுக்கும்போது, "சம்மதிக்கிறேன்" என்ற பெட்டிக்கு மேலே இருக்கும் தனியுரிமைப் பகுதியையும் ஒருமுறை வாசியுங்கள். "சந்தைப்படுத்தல்", "எமது பங்காளிகள்" என்ற பொருள்படும் சொற்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். அங்கேதான் மறுப்பதற்கான பெட்டியும் அநேகமாக இருக்கும்.

1,297 பேர் எழுதினார்கள், அவர்களுக்கு ஏழு ஆண்டுகள் பிந்தியாவது ஒரு தீர்ப்பு வந்தது. சுமார் எண்ணாயிரம் பேரிடமிருந்து கடிதம் போகவில்லை. அடுத்த முறை அப்படியொரு கணக்கு எடுக்கப்படும்போது, எழுதியவர்களின் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பெயரும் இருக்கட்டும்.